சம்பந்தி வீட்டு நெட்டை மாற்றிய பாவம்

இயேசு, மரி, சூசை துணை

ஸ்ரீரங்கம்,
வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சம்பந்தி திரு. இருதயராஜ் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற சப் போஸ்ட்மாஸ்டர் சவரிநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரோசம்மாளும், எங்கள் மகளும் உங்கள் மருமகளுமான சுஜாவும், அவள் வயிற்றில் எட்டாம் மாதத்தில் கால் வைத்திருக்கும் நம் பேரப்பிள்ளையும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவ்வண்ணமே பாலக்கரையில் தாங்களும் தங்கச்சி லூர்துராணியும் மாப்பிள்ளை ரெஜிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள் போனில் பேசியபோதே சுகம் என்றுதான் சொன்னீர்கள். இருந்தாலும் கடிதம் என்றால் முதலில் சுகம் கேட்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன் அந்த முறையை மீற முடியாது.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் வந்து சேரும் தூரத்தில் இருந்துகொண்டு இந்த மனுஷன் எதற்காகத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். இது தபால் அல்ல, அபராதம். போன சனிக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் எனக்கு மூன்று பரலோக மந்திரமும், உங்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு கடிதமும் அபராதமாக விதித்தார். மந்திரங்களைக் கோயில் படி இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். கடிதம்தான் ஆறு நாளாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இனியும் சுற்றி வளைப்பதில் பயனில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று வருஷமாகத் தாங்கள் அன்பளிப்பாகத் தந்துவரும் ‘இருதயா நெட்’டை விட்டு, ‘விண்மீன் ஃபைபர்’ என்கிற வேறொரு கம்பெனிக்கு நான் உங்களுக்குத் தெரியாமல் மாறிவிட்டேன். எழுதியே விட்டேன். தயவுசெய்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

பிள்ளைகளின் கல்யாணம் முடிந்து மறுவீடு வந்த அன்றே உங்கள் லைன்மேன் காத்தான் ஏணியோடும் ஒயர்ச் சுருளோடும் வந்து நின்றது நினைவிருக்கும். பெண்ணைக் கொடுத்த வீடு நாங்கள்; செய்ய வேண்டியது எங்கள் பக்கம். மாப்பிள்ளை வீட்டாரிடம் கை நீட்டி ஒன்றை வாங்குவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தாங்கள்தான், “சம்பந்தி, நாங்க நெட்டு தொழில் பண்றவங்க. எங்க மருமக பொறந்த வீட்டுல வேற கம்பெனி ஒயர் தொங்குனா ஊரு என்ன பேசும்?” என்றீர்கள். அந்தப் பேச்சு என்னைக் கட்டிப்போட்டது. மாதா சுரூபம் இருக்கும் பலகையில்தான் சிக்னல் நன்றாக வருகிறது என்று ரவுட்டரை மாதாவுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அன்று முதல் ரோசம்மாள் சாயங்காலம் செபமாலை சொல்லும்போது, பச்சை விளக்கு எரிந்தால் நெட் இருக்கிறது, சிவப்பு எரிந்தால் இல்லை என்று பழகிக்கொண்டாள். சம்பந்தி, பெரும்பாலும் சிவப்பில்தான் செபமாலை நடந்தது.

வேறு யாருடைய நெட்டாக இருந்தாலும் ஒருவன் போனை எடுத்துக் கத்தலாம், ஆபீஸுக்குப் போய் மேஜையைத் தட்டலாம். சம்பந்தியிடம் எப்படிக் கத்துவது? முதல் தடவை நெட் நின்றபோது உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். லூர்துராணி எடுத்து, “அண்ணே, சாப்பிட்டீங்களா? அண்ணி முழங்கால் வலி எப்படி இருக்கு?” என்று ஆரம்பித்தார். முழங்காலில் தொடங்கி ரெஜிஸின் சளி வரை வந்து, “வேற ஒண்ணும் விசேஷம் இல்லையே அண்ணே?” என்று கேட்டபோது, “எல்லாம் நல்லா இருக்கும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் உங்கள் வீட்டிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது. நெட் வரவில்லை. இரண்டாம் தடவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியேவிட்டேன். அதற்குத் தாங்கள், “லைன்மேனை அனுப்புறதா? நம்ம வீட்டு வேலை, நானே வரேன்” என்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தீர்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் ஆட்டுக்கறி எடுக்காமல் முடியுமா? தாங்கள் ரவுட்டரை அணைத்துப் போட இரண்டு நிமிஷம் ஆயிற்று. ரோசம்மாள் அடுப்படியில் நிற்க நாலு மணி நேரம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை மறுபடி சிவப்பு. அப்போதே அவள், “இங்க பாருங்க, நெட்டு நின்னா நிக்கட்டும். இன்னொரு தடவை நீங்க புகார் சொன்னீங்கன்னா குழம்பு நீங்கதான் வைக்கணும்” என்று சொல்லிவிட்டாள். அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறை தவக்காலத்தில் மட்டும் புகார் செய்வது என்று வைத்துக்கொண்டேன். அந்த நாற்பது நாளும் கறி சமைக்க வேண்டாமே என்ற கணக்கு. அதற்கும் லூர்துராணி, “கறி வேண்டாம்ணே, மீனு போதும்” என்று சொல்லிவிட்டபடியால் அந்த வழியும் அடைந்தது.

இதையெல்லாம் நான் காலம் முழுக்கத் தாங்கியிருப்பேன். என்னுடையது பட்டன் போன். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் சுஜாவின் விஷயம் அப்படி இல்லை. அவள் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று வளைகாப்புக்கு முன்பே இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருந்தோம். மாசியில் ஒரு வாரம் இங்கே இருந்து பார்க்கிறேன் என்று வந்தாள். தினமும் காலை பத்து மணிக்கு அவளுக்கு மீட்டிங். திங்கட்கிழமை அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றது. செவ்வாயன்று வாய் திறந்தபடி படம் உறைந்து, அவள் மேனேஜர் பத்து நிமிஷம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாராம். புதனன்று பிள்ளைத்தாச்சிப் பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி, மொட்டைமாடி, மாதா பலகை என்று அலைந்தாள். வியாழக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து, “அப்பா, கோவிச்சுக்காதீங்க. டெலிவரிக்கு அத்தை வீட்டுலயே இருந்துக்கிறேன். அங்க நெட்டு நல்லா இருக்கு. இந்த நேரத்துல வேலை போச்சுன்னா கஷ்டம்பா” என்றாள்.

அங்கே நன்றாகத்தான் இருக்கும் சம்பந்தி, ஆபீஸே உங்கள் வீட்டு மாடியில் அல்லவா இருக்கிறது! நான் சரிம்மா என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்தால், ரோசம்மாள் பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் துவைத்துக் காயவைத்திருந்த பழைய பருத்திப் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருப்பது ஒரே மகள். அவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும் இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்தவளுக்கு ஒரு ஒயர் குறுக்கே நிற்பதா? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மறுநாளே சுஜாவுக்குப் போன் செய்து, “நீ வாம்மா, நெட்டு என் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ரெஜிஸுக்குத் தெரியும், ரெஜிஸுக்குத் தெரிந்தால் உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி.

விண்மீன் கம்பெனியிலிருந்து பானுப்ரியா என்ற பெண் வந்தார். நல்ல பெண், பொறுமைசாலி. நான் போட்ட நிபந்தனைகளைக் கேட்டு முதலில் பயந்துதான் போனார். வேலையாட்கள் கம்பெனிச் சட்டை போட்டு வரக்கூடாது, ஏணியில் பேர் இருக்கக்கூடாது, நெட்டின் பெயர் யார் போனிலும் விண்மீன் என்று தெரியக்கூடாது. “சார், நாங்க நெட்டு கனெக்ஷன்தான் தர்றோம், தப்பா ஒண்ணும் செய்யலையே?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “எங்க வீட்டுலயும் மாமனார் கடைப் பாலுதான் சார், திரிஞ்சாலும் வாயைத் திறக்க முடியாது” என்று என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டார். புது ரவுட்டரை பீரோ மேல் வைத்து என் பழைய துண்டால் மூடிவிட்டோம். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி என் செபப்புத்தகத்தில், மரித்தோருக்கான மன்றாட்டுப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பக்கத்தை யாரும் அவ்வளவு லேசில் புரட்டுவதில்லை. உங்கள் ரவுட்டர் மாதாவுக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தபடி அப்படியே இருக்கட்டும், சம்பந்தி வந்தால் மனம் நோகாது என்றேன். ரோசம்மாள், “மாதா முன்னாடி பொய்ச் சாட்சி வெக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். நாங்கள் குடியிருக்கும் வீடு சந்துக்குள் இருந்தாலும், ஒயர் சித்திரை வீதியைத் தாண்டித்தான் வர வேண்டும். இணைப்புக் கொடுத்தது புதன்கிழமை. அந்தச் சனிக்கிழமை சித்திரைத் தேர். கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ரெங்கராஜ் வெள்ளிக்கிழமை காலையிலேயே மாடியேறி வந்து, “ஓய் சவரிநாதன், புதுசா என்னமோ ஒயர் இழுத்திருக்கீரே, நாளைக்குப் பெருமாள் எழுந்தருளப் போறார். குறுக்க ஒரு நூல் இருக்கப்படாது, தெரியுமோல்லியோ?” என்றார். தெரியாமல் என்ன? வருஷா வருஷம் பார்ப்பதுதானே. தேர் வருவதற்கு முன்னால் வீதிக்குக் குறுக்கே போகிற ஒயரையெல்லாம் கழற்றிவிடுவார்கள். உங்கள் ஒயர், விண்மீன் ஒயர், ஊரார் ஒயர் எல்லாம் ஒன்றாக இறங்கின. தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்து, மறுநாள் காலையில் ஏணிகளோடு ஆட்கள் வந்து அவரவர் ஒயரை ஏற்றிக் கட்டினார்கள். காத்தானும் வந்திருந்தார். கம்பத்தில் ஏறி, உங்கள் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்து, என்னவோ முணுமுணுத்து, ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணைத்தார். இறங்கி வந்து, “இனிமே பாருங்க சார்” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. நாங்கள் கைவிட்ட ஒயருக்காக வெயிலில் உழைக்கிறாரே என்று பரிதாபப்பட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சுஜா வந்தாள். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. சம்பந்தி, தாங்கள் தப்பாக நினைக்கக்கூடாது, உண்மையை எழுதுவதுதான் அபராதம் என்பதால் எழுதுகிறேன். அற்புதமான நெட்! ஒரு மீட்டிங்கும் நிற்கவில்லை. ரோசம்மாள் தினமும் காலையில் போனில் பூசை பார்க்கிறாள், சாமியார் பிரசங்கம் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் வருகிறது, நடுவில் எழுந்து போகக்கூட வழியில்லை என்று அவளே சொல்கிறாள். புது நெட் வீட்டுக்குள் வந்ததும் லேப்டாப்பும் போனும் தாமாகவே அதற்கு மாறிக்கொண்டன போலும். மாதா பக்கத்தில் உங்கள் ரவுட்டர்கூட, புதுசைப் பார்த்து வந்த ரோஷத்திலோ என்னவோ, பச்சையாகவே எரிகிறது. பெட்டியில் இருந்த பருத்திப் புடவைகள் மறுபடி கொடிக்கு வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய சேவை என்றால் அது தனிதான் என்று எனக்குள் ஒரு கர்வம் வந்தது. கூடவே உறுத்தலும் வந்தது. மகளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, அவளைச் சொந்த மகளாக நடத்துகிற குடும்பத்துக்குத் துரோகம் செய்துவிட்டேனே என்று சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் பாவசங்கீர்த்தனம். முழுவதையும் கேட்ட சாமியார் விரலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். பாவத்தின் கனத்தை யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தணிந்த குரலில், “நம்ம சாமியார் பங்களாவுக்கும் அவங்க நெட்டுதான். அந்தப் புதுசு எப்படி, நிக்காம வருதா?” என்று கேட்டார். வருகிறது சாமி என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு அபராதத்தைச் சொன்னார்.

ஆகவே சம்பந்தி அவர்களே, உங்கள் நெட்டைத்தான் விட்டேன், உங்களை விடவில்லை. தாங்கள் கோபித்தால் அது நியாயம். ஆனால் கோபத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுஜாவுக்கு இதில் எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், சாமியாரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. தங்கச்சி லூர்துராணிக்கு எங்கள் அன்பும், மாப்பிள்ளை ரெஜிஸுக்கு எங்கள் ஆசீரும். உங்கள் தொழில் மேன்மேலும் ஓங்கவும், உங்கள் ஒயர்கள் ஒருநாளும் அறாதிருக்கவும், நம் பேரப்பிள்ளை சுகமாகப் பிறக்கவும் மாதாவை மன்றாடும்,

தங்கள் சம்பந்தி,
சூ. சவரிநாதன்.

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது சுஜா மீட்டிங்குக்கு நடுவே தண்ணீர் குடிக்க வந்தாள். “நெட்டு எப்படிம்மா இருக்கு?” என்று பெருமையோடு கேட்டேன். “சூப்பர்ப்பா. மாமாகிட்ட என்ன சொன்னீங்க? இப்படி சரி பண்ணிக் குடுத்துட்டாங்களே!” என்றாள். இது மாமாவின் நெட்டே இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ‘இருதயா நெட்’ என்றுதான் இருக்கிறது. ரோசம்மாள் போனிலும் அதேதான். பாஸ்வேர்டை நான் யாருக்கும் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பீரோ மேல் இருந்த துண்டை எடுத்துப் பார்த்தால் விண்மீன் ரவுட்டரில் சிவப்பு விளக்கு. மொட்டைமாடிக்கு ஓடினேன். அங்கே ரெங்கராஜ் ஒரு மஞ்சள் ஒயரை இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டி வேஷ்டி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “தேரன்னிக்குக் கழட்டினது ஓய், அப்பறம் யாருமே வந்து மாட்டலை. நன்னா ஸ்ட்ராங்கா இருக்கு” என்கிறார். ஆக, பதினோரு நாளாக நான் மெச்சிய நெட் காத்தான் ஒரு முழம் வெட்டிவிட்டு இணைத்த உங்கள் நெட். மூன்று வருஷமும் அந்த ஒரு முழத்தில்தான் கோளாறு. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அபராதம் அபராதம்தான் என்று ரோசம்மாள் கையைப் பிடித்துவிட்டாள். எனவே அனுப்புகிறேன். மேலே புது நெட் என்று வரும் இடத்தில் எல்லாம் உங்கள் நெட் என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். சாமியார் நேற்று விண்மீனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவரைத் திருப்புவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட வந்துவிடுங்கள். ஆட்டுக்கறிதான். புகார் ஒன்றும் இல்லாமல் உங்களை நாங்கள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இதை எழுதும்போது சுஜா உள்ளே ஆபீஸில் யாரிடமோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “அம்மா வீட்டுலதான் இருக்கேன், டெலிவரி முடிஞ்சும் மூணு மாசம் இங்கதான். சேச்சே, நெட்டெல்லாம் பிரச்சனையே இல்லை. எங்க மாமனாரோடது.”